மூன்று வருடமாக அதே தோட்டா: வெடிக்குமா?

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் நானும் மனைவியும் பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த ஒரு கடை நடத்துகிறோம். மூடிவிட்டுக் கிளம்ப நடு ராத்திரி ஆகிவிடும் என்பதால் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி ஒன்றை இடுப்பில் வைத்திருக்கிறேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் தினமும் ராத்திரி தோட்டாவைக் கழற்றிவிட்டுக் காலையில் திரும்பப் போடுவேன். வாங்கி மூன்று வருடம் ஆகிறது, அதே தோட்டாக்கள்தான். அவசரத்துக்கு வெடிக்குமா?

பதில்: மூன்று வருடம் ஒரு தோட்டாவுக்குப் பெரிய வயதே இல்லை. நல்ல கம்பெனித் தோட்டா சூடும் ஈரமும் படாமல் பெட்டியிலேயே இருந்தால் இருபது வருடம் கழித்தும் வெடிக்கும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டப்பாவில் அடைத்து மூடியவற்றையே இன்னும் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய இன்னொரு விஷயம், அந்தத் தினசரிக் கழற்றலும் போடலும்தான்.

ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் மேல்பகுதியை, இழுத்து விடும்போது மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) மேலே இருக்கும் தோட்டா வேகமாக முன்னால் போய், அதன் மூக்கு சேம்பருக்கு (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை) ஏறும் சரிவில் மோதிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறது. ஒன்றிரண்டு தடவை மோதினால் பரவாயில்லை. தினமும் அதே தோட்டாதான் மேலே வருகிறது என்றால், தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பித்தளைக் கூட்டுக்குள் அமுங்கிவிடும், உள்ளே வெடிமருந்துக்கு இருக்கிற இடம் குறையும், சுடும்போது அழுத்தம் எகிறும். சாதாரண 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. குண்டு கொஞ்சம் உள்ளே போனாலே அந்த வரம்பைத் தாண்டலாம், துப்பாக்கியே உடைந்து கையைக் காயப்படுத்தலாம். பாயின்ட் 40 என்ற இன்னொரு அளவுத் தோட்டாவில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

நேர் எதிராகவும் நடக்கும். தோட்டாவின் அடியில் இருந்து முதல் பொறியைத் தரும் பிரைமரில் உள்ள மருந்து ஓயாமல் அடிபட்டு உதிர்ந்தால் துப்பாக்கியின் ஊசி சரியாக அடித்தாலும் வெறும் 'க்ளிக்'தான். ஜார்ஜியா மாநிலம் குவினெட் கவுன்டியில் 2011-ல் ஒரு போலீஸ்காரருக்கு உயிர் போகிற நேரத்தில் இதுதான் நடந்தது. அதே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சேம்பரில் ஏற்றியதுதான் காரணம் என்று அந்தத் துறையே மற்றவர்களை எச்சரித்தது.

இன்றைக்கே அந்த மேல் தோட்டாவை, அதே வகைப் புதுத் தோட்டா ஒன்றின் பக்கத்தில் தட்டையான மேஜைமேல் நிற்க வைத்துப் பாருங்கள். உயரம் குறைந்திருந்தால் அதைச் சுடவே வேண்டாம், குண்டை இழுத்துச் சரிசெய்யவும் பார்க்காதீர்கள், சுட்டுப் பழகும் இடமான ரேஞ்சில் கெட்ட தோட்டா போட வைத்திருக்கும் பெட்டியில் கொடுத்துவிடுங்கள். உயரம் சரியாக இருந்தாலும் மூன்று வருடம் தினமும் அடிபட்ட தோட்டாவை நான் நம்ப மாட்டேன், அதையும் கொடுத்துவிடுவதே நல்லது.

அப்புறம் பிள்ளைகள் விஷயம். இதில் உங்கள் அக்கறை சரிதான், ஆனால் வழி வேறு இருக்கிறது: தோட்டாவைக் கழற்றாமல், ஹோல்ஸ்டரோடு (துப்பாக்கி உறை) அப்படியே பூட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். தினமும் கழற்றிப் போடும்போதுதான் கை தவறிச் சுட்டுவிடவும் வாய்ப்பு அதிகம். 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கையில் தோட்டா போட்ட துப்பாக்கி கிடைக்கும்படி அஜாக்கிரதையாக விட்டால் டெக்சாஸில் அது குற்றம், சட்டம் இருக்கிறதோ இல்லையோ அந்தப் பெட்டி வாங்காமல் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது என்பேன்.

ஹூஸ்டன் வேர்வையும் சேர்ந்துகொள்ளும். உடம்போடு ஒட்டி வைப்பவர்கள் நிக்கல் பூசிய கூடு உள்ளதாக வாங்கினால் சீக்கிரம் பச்சை பிடிக்காது. துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டால் சேம்பரைத் துடைத்துவிட்டுத் தோட்டா போடுங்கள், ஊடுருவும் எண்ணெய் பிரைமருக்குள் போனால் அது செத்துவிடும், டபிள்யூடி-40 போன்றதைத் தோட்டா பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஆகஸ்ட் வெயிலில் காருக்குள் விட்டுப் போவதும் வேண்டாம். அந்தச் சூடு மருந்தைக் கெடாமல் காக்கும் ரசாயனத்தை மெல்லத் தின்றுவிடும், அதைவிட முக்கியமாகத் திருடனுக்குத் துப்பாக்கி கொடுத்தது போலாகும்.

வருடத்துக்கு ஒருமுறை, உங்கள் பிறந்தநாள் மாதிரி மறக்காத ஒரு தேதியை ஒட்டி, சுமந்த தோட்டாக்களில் அடிபடாதவற்றை ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிது போடுங்கள். பல போலீஸ் துறைகளும் இப்படித்தான் செய்கின்றன. ஒரு தோட்டா ஒரு டாலருக்கு மேல் ஆகிறதே என்று தோன்றும். காகிதத்தில் ஓட்டை போடும் மலிவுத் தோட்டாவை மட்டுமே சுட்டுப் பழகியவருக்கு, தான் சுமக்கும் தோட்டா தன் துப்பாக்கியில் சிக்காமல் ஏறுமா என்பதே தெரியாது, அந்தக் காசு அதைத் தெரிந்துகொள்ளவும்தான்.

கேள்வி: பழைய தோட்டாவை ரேஞ்சில் சுட்டேன், 'க்ளிக்' என்றது, வெடிக்கவில்லை. உடனே ஸ்லைடை இழுக்கலாமா?

பதில்: கூடாது. குழாயை இலக்கு பக்கமே நீட்டியபடி முப்பது வினாடி காத்திருங்கள், சில தோட்டா தாமதித்து வெடிக்கும். அதற்கப்புறம் வெளியே தள்ளுங்கள். வழக்கமான சத்தத்துக்குப் பதில் 'புஸ்' என்று மெல்லிய சத்தம் வந்தால் அது இன்னும் மோசம், குண்டு குழாய்க்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுடாமல் நிறுத்தி, ரேஞ்ச் ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மேகசினில் தோட்டா நிறைத்தே வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடாதா?

பதில்: நல்ல ஸ்பிரிங் அமுங்கியே இருப்பதால் பெரிதாகத் தளராது, திரும்பத் திரும்ப அமுக்கி விடுவதில்தான் அதிகம் தேயும். நிறைத்தே வையுங்கள்.