1940-50களில் அமெரிக்கப் புல்வெளிப் பகுதிகளில் ஆற்று வெள்ளத்தைத் தடுக்க ஏன் வயலிலிருந்து தொடங்கினார்கள்?

மண் காப்பு என்றால், மழையும் காற்றும் வயலின் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வது. ஓக்லஹோமாவின் வாஷிட்டா ஆற்றுப் படுகையில் வெள்ளத் தடுப்புக்கும் அதுவே முதல் வேலையாக இருந்தது.

பழைய புல்வெளியின் ஆழமான வேர்கள் மண்ணைப் பிடித்து வைத்திருந்தன. மழைநீர் உள்ளே இறங்கவும் வழி விட்டன. அதை உழுது கோதுமையும் பருத்தியும் போட்ட பிறகு, வெற்று மண்ணில் அறைந்த மழைத்துளிகள் மேற்பரப்பை இறுக்கிவிட்டன. சாய்வான சிமென்ட் தரையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் நொடியில் ஓடிவிடும். சாக்கை விரித்துக் கொட்டினால் ஊறி, மெல்லத்தான் வடியும். புல் போனதும் வயல் சிமென்ட் தரைபோல ஆகிவிட்டது. ஓடிய நீர் மண்ணையும் இழுத்துப்போய் ஓடைகளைத் தூர்த்தது. தூர்ந்த ஓடை சிறு மழைக்கே கரை புரண்டது.

ஆகவே சரிவுக்குக் குறுக்கே உழுதார்கள், சரிவில் ஒரே மட்டமாகப் போகும் சம உயர வரப்பு போட்டார்கள், கெட்டுப்போன நிலத்தில் மறுபடி புல் வளர்த்தார்கள். அதையும் மீறி வரும் நீருக்குத்தான் ஓடைகளில் சிறு மண் அணைகள். 1944 வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் இவற்றில் முதலாவது, 1948இல் கோர்டெல் ஊருக்கு அருகே கிளவுட் ஓடையில் எழுந்தது. என்னைக் கேட்டால் வயல் வேலைதான் உயிர்நாடி. அது இல்லையென்றால் அணையே சீக்கிரம் வண்டலால் நிரம்பிவிடும்.

அணை என்றதும் பாசனத்துக்குத் தேக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த அணைகளின் கொள்ளளவில் பெரும்பகுதி, வெள்ளத்தைப் பிடித்துக் குழாய் வழியே சிறிது சிறிதாக விடுவதற்காகக் காலியாகவே வைக்கப்படுகிறது.