அட்டெண்டன்ஸ் குறைந்தால் வருடமே போகுமா?

தம்பி, மஞ்சள் காமாலையில் ஊருக்குப் போய்ப் படுத்ததால் பெங்களூர் கல்லூரியில் கணக்குப் பாடத்துக்கு 70 சதவீதம்தான் நிற்கிறது, வருடமே போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பாடத்தால் மட்டும் வருடம் போகாது. ஆனால் அந்தப் பாடம் கைவிட்டுப் போகலாம்.

பெங்களூர் பொறியியல் கல்லூரிகள் பலவும் இணைந்திருக்கும் வி.டி.யு. (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) விதிப்படி பாடம் ஒவ்வொன்றுக்கும் 85 சதவீதம் வேண்டும். நோய் போன்ற தக்க காரணம் இருந்தால் 10 சதவீதம் வரை விலக்கு கிடைக்கும். ஆக, உங்கள் எல்லை 75. அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத விட மாட்டார்கள். இதை அரியர் மாதிரி நினைத்துவிடாதீர்கள். ஃபெயிலானவர் பெரும்பாலும் பரீட்சையை மட்டும் திரும்ப எழுதினால் போதும். அட்டெண்டன்ஸில் மாட்டியவர் பாடத்தையே மறுபடி பதிந்து, ஜூனியர்களோடு உட்கார்ந்து, இன்டர்னல் உட்பட முதலிலிருந்து வர வேண்டும்.

மொத்தம் 60 வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். 40 முடிந்து, அதில் 28க்குப் போயிருந்தால் 70 சதவீதம். மீதி 20ஐயும் விடாமல் போனால் 48, அதாவது 80. தப்பித்துவிடலாம்! உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியும் மருத்துவச் சான்றும் இந்த வாரமே துறைத் தலைவரிடம் போகட்டும், நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அட்டெண்டன்ஸ் குறைந்தவர்கள் பட்டியல் நோட்டீஸ் போர்டில் வந்த பிறகு கெஞ்சி அதிகம் ஆகாது. அப்புறம், கல்விக்கடன் இருந்தால் வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள், வங்கி மார்க்‌ஷீட் கேட்கும்.