மழைக்குச் சுருதி ஏறும் பியானோ: கம்பி மாற்ற வேண்டுமா?

மயிலாடுதுறை வாசகி ஒருவர் கேட்கிறார்: “மகளுக்காகத் தரகர் மூலம் பழைய பியானோ வாங்கினோம். ஐப்பசி மழைக்குச் சுருதி ஏறுகிறது, கோடையில் இறங்குகிறது. கம்பிகள் போய்விட்டன, மொத்தமாக மாற்ற வேண்டும் என்கிறார் தரகர். மாற்றலாமா?”

மாற்றாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள்.

கெட்டுப்போன கம்பி மழைக்கு ஏறி வெயிலுக்கு இறங்காது. இது மரத்தின் வேலை. கம்பிகளுக்குப் பின்னால் இருக்கும் பெரிய மரப்பலகைதான் அதிர்வை வாங்கிக் கூடம் முழுக்கக் கேட்க வைக்கிறது. மழைக்காலத்தில் வாசற்கதவு இறுகிக்கொள்கிறதே, அதுபோல இந்தப் பலகையும் ஈரம் குடித்து உப்பிக் கம்பிகளைத் தள்ளுகிறது. கம்பி விறைத்தால் சுருதி ஏறும். நடு ஸ்தாயியில் இது நன்றாகவே தெரியும்.

தரகர் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பியானோவில் 200-க்கு மேல் கம்பிகள். புதுக் கம்பி போட்டால் அது நீண்டுகொண்டே இருக்கும். முதல் வருஷம் திரும்பத் திரும்பச் சுருதி சேர்க்க வேண்டும். அதற்கும் அவரே ஆள் அனுப்புவார், அதற்கும் கமிஷன்.

ஒரே ஒரு நிலைமை வேறு. மழையோ வெயிலோ, குறிப்பிட்ட சில கட்டைகள் மட்டும் சுருதி சேர்த்த சில நாளிலேயே இறங்கினால், கம்பி சுற்றியிருக்கும் டியூனிங் பின் தளர்ந்திருக்கலாம். மேல்மூடியைத் திறந்தால் பின்கள் வரிசையாகத் தெரியும். அவற்றைப் பிடித்திருக்கும் பலகை பெரும்பாலும் இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும். அதனால் பார்த்துச் சொல்ல முடியாது. சுருதி சேர்க்கும் சாவியைப் பின்னில் போட்டுத் திருப்பும் கைக்குத்தான் தெரியும், பின் இறுக்கமில்லாமல் வழுக்கும். நீங்களே திருப்பிப் பார்க்காதீர்கள், கம்பி அறுந்து முகத்தில் அடிக்கும். அந்த இடங்களில் மட்டும் சற்றுப் பருமனான பின் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்களைப் பிடித்திருக்கும் பலகையே வெடித்திருந்தால் மட்டும் பெரிய செலவு. வெளியே புது பாலிஷ் பளபளக்கும் பியானோவில் இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

பியானோ கிரேடு தேர்வுக்குப் பிள்ளைகளைச் சேர்க்க ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். சுருதி சேர்க்க மட்டும் சென்னைக்குப் போன் போட வேண்டியிருக்கிறது. தஞ்சாவூரில் வீணை செய்யும் கைகள் இருக்கும்போது இந்தத் தொழிலையும் ஏன் கற்றுத்தரக் கூடாது? தரகர்கள் பிழைப்பது இந்தக் குறையில்தான்.

சரி, இப்போதைக்கு: சாரல் படும் சுவரை விட்டுப் பியானோவைத் தள்ளி வையுங்கள். ஏசி காற்று நேராகப் படக் கூடாது. ஈரப்பதமானி ஒன்று வாங்கி மாட்டுங்கள். 45 முதல் 60 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. கார்த்திகையில் சுருதி சேர்த்தால் கோடையில் இறங்கத்தான் செய்யும். தை பிறந்து ஈரம் அடங்கியதும் ஆளைக் கூப்பிடுங்கள்.