தண்ணீர் மட்டும் போதாது: பெருங்குடல் அழற்சி கேள்வி பதில்

கே: எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் புண்ணோடு வரும் அழற்சி). நாளைக்குப் பத்துத் தடவை பேதி போகிறது. நான்கு லிட்டர் தண்ணீர் குடித்தும் தலைசுற்றல் நிற்கவில்லையே?

ப: வெளியே போவது உப்பும் தண்ணீரும், நீங்கள் ஈடுகட்டுவது தண்ணீரை மட்டும். சிறுகுடலிலிருந்து தினமும் ஒன்றரை லிட்டர் போல பெருங்குடலுக்கு வரும். அதில் 100, 150 மில்லியை விட்டுவிட்டு மீதியை நல்ல குடல் உறிஞ்சிவிடும். மாங்காய்த் துண்டில் உப்புத் தூவினால் தண்ணீர் விடுகிறதல்லவா? உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் போகும். பெருங்குடலும் உப்பிலுள்ள சோடியத்தை உள்ளே இழுக்கிறது, தண்ணீர் பின்னாலேயே வருகிறது. அழற்சி வந்தால் சோடியம் நுழையும் வாசல்கள் குறைந்துவிடும். அதை ரத்தத்துக்குத் தள்ளும் பம்பும் சோர்ந்துபோகும். செல்களுக்கு இடையிலான இணைப்பு தளர்ந்து, இழுத்த கொஞ்சமும் திரும்ப ஒழுகும். ரத்தமும் போகிறதென்றால் ஹீமோகுளோபினையும் பாருங்கள்.

கே: குடலே உறிஞ்சாதபோது ஓ.ஆர்.எஸ். (உப்பும் குளுக்கோசும் கலந்த கரைசல்) எப்படி வேலை செய்யும்?

ப: அது ஏறுவது சிறுகுடலில். அங்கே குளுக்கோசும் சோடியமும் ஜோடியாக உள்ளே போகும். உங்கள் நோய் அந்தப் பக்கம் போவதில்லை. இன்னொரு குடல் அழற்சியான க்ரோன்ஸ் நோயில் சிறுகுடலும் கெட்டிருக்கலாம், பலன் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும், டம்ளருக்குக் கொஞ்சம் என்று கிள்ளிப் போடாதீர்கள்.

கே: இளநீர்?

ப: பொட்டாசியம் நிறைய, சோடியம் சொற்பம். ஓ.ஆர்.எஸ்.ஸோடு கூடுதலாகக் குடிக்கலாம், அதற்குப் பதிலாக அல்ல. சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

கே: அம்மாவுக்குக் கொலைட்டிஸ், பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிடுகிறார். ரத்தத்தில் பொட்டாசியம் 2.9-க்குக் குறைந்துவிட்டது. பொட்டாசியம் சிரப் கொடுத்தும் ஏறவில்லை.

ப: இரண்டு பக்கமும் ஓட்டை. பேதியில் ஒரு பங்கு, ஸ்டீராய்டால் சிறுநீரில் ஒரு பங்கு. மக்னீசியம் பார்த்தார்களா? அது குறைந்திருந்தால், எத்தனை ஸ்பூன் ஊற்றினாலும் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்காது. 2.9-ஐ வீட்டில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், இதயத் துடிப்பு தடுமாறலாம். இன்றே டாக்டரிடம் காட்டி ஈசிஜி எடுங்கள். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

கே: பழைய சோறு நல்லது என்கிறார்களே?

ப: ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து சற்றே அதிகம். பெருங்குடல் பாக்டீரியா அதைப் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலமாக மாற்றும். அது சோடியம் உறிஞ்சுவதைத் தூண்டும். இவ்வகை மாவை ஓ.ஆர்.எஸ்.ஸில் கலந்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தபோது பேதி குறைந்ததாக வேலூர் சிஎம்சி ஆய்வு 2000-இல் வெளிவந்தது. ஆனால் அது காலரா. உங்களுக்கு நோய் தணிந்திருக்கும் நாளில் சாப்பிட்டுப் பாருங்கள். ரத்தம் போகும் வாரத்தில் சோற்றை நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.