10 மாதக் குழந்தைக்கு ப்ளே ஸ்கூலா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 10 மாதம். அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக வளர்கிறான். எதிர்வீட்டுப் பெண் குழந்தைக்கு 11 மாதம். இருவரையும் சேர்த்து உட்காரவைத்தால் இவன் பொம்மையைப் பிடுங்குகிறான், முடியைப் பிடித்து இழுக்கிறான். “இந்த வயசுல ஒண்ணோட ஒண்ணு விளையாடாது, சும்மா அழவிடாதே” என்கிறார் மாமியார். “ஒரு வயதிலேயே சேர்த்தால்தான் பகிர்ந்து பழகும்” என்கிறது ஒரு ப்ளே ஸ்கூல் விளம்பரம். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, கோவை

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. மாமியார் உங்களிடம் பணம் கேட்கவில்லை என்பதால், முதலில் விளம்பரத்தைப் பார்ப்போம்.

10 மாதத்தில் பகிரத் தெரியாது. எவ்வளவு கட்டணம் கட்டினாலும் அதைக் கற்றுக்கொடுக்க முடியாது. ‘கொடுத்தால் திரும்பி வரும்’ என்பது இரண்டு வயதுக்குப் பிறகுதான் மெல்லப் பிடிபடும். உங்கள் மகன் பிடுங்குவது முரட்டுத்தனமும் அல்ல. மூலையில் கிடந்த கிலுகிலுப்பையை அவன் சீந்தியிருக்க மாட்டான். எதிரில் இருக்கும் பாப்பா அதை ஆட்டியதும் ஆட்டினால் சத்தம் வரும் என்று தெரிந்துவிட்டது. தானும் செய்துபார்க்கக் கை நீட்டுகிறான். அவன் கற்கும் நேரமே அதுதான். “பாப்பாகிட்ட குடு” என்று நீங்கள் பாய்ந்து வாங்கினால் அது பாதியில் அறுந்துபோகும்.

மாமியார் சொல்வதைப் படித்தவர்கள்கூடச் சொல்வதுண்டு. சிறு பிள்ளைகள் முதலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியே விளையாடி, பிறகுதான் கூட்டு விளையாட்டுக்கு வருகிறார்கள் என்று 1932இல் அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் எழுதினார். அவர் கவனித்தது நர்சரிப் பிள்ளைகளை, கைக்குழந்தைகளை அல்ல. 6 மாதக் குழந்தையே இன்னொரு குழந்தையைக் கண்டால் சிரிக்கும், குரல் கொடுக்கும், தொட்டுப் பார்க்கும். 1993இல் ஹன்னா, மெல்ட்சாஃப் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், 14 மாதக் குழந்தைக்குச் சில பொம்மைகளை இயக்கப் பழக்கி, மற்றக் குழந்தைகள் முன் செய்யவிட்டார்கள். காப்பகத்தில் அதைப் பார்த்த குழந்தைகள் 48 மணி நேரம் கழித்து, வேறோர் இடமான தங்கள் வீட்டில், அதே செயலைச் செய்துகாட்டின. 2018இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி வீடியோ காட்டியபோது, தனியாகப் பார்த்த குழந்தைகளைவிட ஜோடியாகப் பார்த்த குழந்தைகளின் மூளை அம்மொழி ஒலிகளை நன்றாகப் பிரித்தறிந்தது. இதைச் சாக்காக வைத்து போனை நீட்டிவிடாதீர்கள். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஆய்வில் எல்லாக் குழந்தைகளும் பார்த்தது ஒரே வீடியோதான், வித்தியாசம் பக்கத்தில் இருந்த குழந்தையால் வந்தது.

ஆகவே எதிர்வீட்டுப் பாப்பாவை வாரம் இரண்டு மூன்று முறை வரவழையுங்கள். இரண்டு குழந்தை போதும், ஐந்து வேண்டாம். தூங்கி எழுந்து, பால் குடித்து, ஈரத்துணி மாற்றிய பிறகு 20 நிமிடம். பசியிலோ தூக்கக் கலக்கத்திலோ சேர்த்துவைப்பதால்தான் பாதி அழுகை வருகிறது. தரையில் பாய் விரித்து, எதிரெதிரே, கை நீட்டினால் எட்டும் எட்டாத தூரத்தில் விடுங்கள். எதை வைத்தாலும் ஒரே மாதிரி இரண்டு வையுங்கள்: இரண்டு எவர்சில்வர் கிண்ணம், இரண்டு மரக்கரண்டி. யாராலும் தூக்கிக்கொண்டு போக முடியாத பெரிய அட்டைப்பெட்டி ஒன்றும் இருக்கட்டும். இருவரும் சேர்ந்து தட்டுவது பெரும்பாலும் அதைத்தான். உங்கள் மகன் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையை முன்பே எடுத்து மறைத்துவிடுங்கள். 4 செ.மீ.க்குக் குறைவான எதுவும் பாயில் கிடக்கக் கூடாது: புளியங்கொட்டை, நாணயம், எல்லாவற்றையும்விட ரிமோட்டின் பட்டன் பேட்டரி. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கண்வலி யாருக்கு இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம்.

அம்மாக்கள் இருவரும் அதே பாயில், கை எட்டும் தூரத்தில் இருங்கள். சோபாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் முடியைப் பிடித்த பிறகுதான் தெரியும். பிடித்துவிட்டால் அவன் கையை இழுக்காதீர்கள். முடியும் சேர்ந்து வரும். அந்தக் கையைப் பாப்பாவின் தலையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரியுங்கள். முதலில் அழும் குழந்தையைத் தூக்குங்கள். இவனிடம் “வலிக்கும்” என்ற ஒரு சொல் போதும். அடிப்பதும் கத்துவதும் கூடாது. கத்தினால் அது அவனுக்கு இன்னொரு வேடிக்கையாகிவிடும். பொம்மையைப் பிடுங்கினால் மட்டும் பொறுத்துப் பாருங்கள். பல நேரம் மற்றவள் அழக்கூட மாட்டாள், வேறொன்றை எடுத்துக்கொள்வாள்.

நீங்கள் வேலைக்குப் போக வேண்டியிருந்தால் அது வேறு விஷயம். 50 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017இல் மகப்பேறு சட்டத்தில் திருத்தம் வந்தது; அலுவலகத்தில் கேளுங்கள். எந்தக் காப்பகமானாலும், இந்த வயதில் மூன்று குழந்தைக்கு ஒரு ஆள் இல்லையென்றால் சேர்க்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் தாமதம் வேண்டாம். ஒரு வயது நிறைந்தும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், முகம் பார்க்காமல், பக்கத்துக் குழந்தையைச் சட்டையே செய்யாமல் இருந்தால், ‘ஆம்பளைப் பிள்ளை, மெதுவாத்தான் வரும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டி, செவித்திறன் சோதனையையும் அப்போதே செய்துவிடுங்கள்.