ஈயச் செம்பில் ரசம் வைக்கலாமா?
(வாசகர் கேள்விகளும் பதில்களும்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சமையலறையையும் குளியலறையையும் பற்றியவை. அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் நான். 'எதில்தான் விஷம் இல்லை? எதைத்தான் சாப்பிடுவது?' என்று சலித்துப்போய்ச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தால், உண்மையிலேயே பயப்பட வேண்டியது கண்ணில் படாமல் போய்விடும். அதனால் என் கணக்கில் முக்கியமானவை என்று தோன்றிய ஆறு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மாமியார் அவருடைய மாமியாரிடமிருந்து வந்த ஈயச் செம்பை என்னிடம் கொடுத்திருக்கிறார். அதில்தான் ரசம் வைப்பேன். ஈயம் விஷம், தூக்கிப் போடு என்று யூடியூபில் சொல்கிறார்கள். நாலு தலைமுறை சாப்பிட்டது என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி? (வாசகி, மன்னார்குடி)

இரண்டு பேரும் வேறு வேறு உலோகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் அம்மா. குழப்பம் அந்தச் சொல்லில் இருக்கிறது. தமிழில் ஈயம் என்று இரண்டைச் சொல்கிறோம். ஒன்று வெள்ளீயம் (ஆங்கிலத்தில் டின்), இன்னொன்று காரீயம் (லெட்). ஈயச் செம்பு வெள்ளீயத்தில் செய்ய வேண்டியது. வெள்ளீயத்தில் ரசம் வைப்பதால் கெடுதல் இல்லை. காரீயம் நேரெதிர். மூளை, நரம்பு, சிறுநீரகம் என்று எதையும் விடாது. குழந்தைகளுக்குத்தான் பாதிப்பு அதிகம். இவ்வளவு வரைக்கும் போனால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே காரீயத்துக்குக் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

காரீயம் மலிவு, வெள்ளீயம் விலை அதிகம். கலப்படத்துக்கு இந்த விலை வித்தியாசம் போதும். ரசத்திலோ புளியும் தக்காளியும் சேர்கின்றன. அந்தப் புளிப்பு காரீயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிடும். மதிய ரசத்தை அதே செம்பில் ராத்திரி வரைக்கும் வைத்திருந்தால் இன்னும் கூடுதலாகக் கரையும்.

என் மகள் கல்யாணத்துச் சீர் வரிசைக்குப் புதிதாக ஒரு ஈயச் செம்பு வாங்கினேன். பளபளவென்று அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா கையில் வாங்கிப் பார்த்து, 'என்னடி இவ்வளவு கனக்கிறது' என்றார். அதே அளவுக்கு வெள்ளீயம் கனக்காது. காரீயம் அதைவிட ஒன்றரை மடங்கு கனம். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வரச் சொல்லிச் செம்பின் விளிம்பை அதில் அழுத்தி இழுத்தார். பென்சிலால் கோடு போட்டதுபோலக் கறுப்பாக ஒரு தடம் விழுந்தது. அவருடைய பழைய செம்பை எடுத்து அதேபோல இழுத்தார். தாள் வெள்ளையாகவே இருந்தது. மறுநாள் புதுச் செம்பின் விளிம்பில் கொஞ்சம் சுரண்டி எடுத்து, தெரிந்த ஆய்வகம் ஒன்றில் கொடுத்தேன். காரீயம் இருந்தது. கடைக்காரரோ, 'நாங்கள் வாங்கி விற்கிறோம், அவ்வளவுதான்' என்று முடித்துக்கொண்டார். என் தொழிலே கலப்படத்தைக் கண்டுபிடிப்பது. அந்தச் செம்பைக் கடையில் எடைக்கு வைத்தபோதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான்.

நீங்களும் தாளில் இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் அந்தச் செம்பை அடுப்பில் ஏற்றவே கூடாது. கோடு விழவில்லையென்றால், காரீயம் அதிகமாக இல்லை என்பது மட்டும்தான் தெரியும். கொஞ்சமாகக் கலந்திருந்தால் தாளில் தெரியாது. வீட்டில் சின்னக் குழந்தைகளோ கர்ப்பிணியோ இருந்தால், என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்தைப் பார்த்து அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். நாலு தலைமுறை சாப்பிட்டது என்பதை மட்டும் சான்றாக வைத்துக்கொள்ளாதீர்கள். காரீயம் வாந்தி, மயக்கம் என்று உடனே காட்டிக்கொடுக்காது. படிப்பில் பிள்ளை கொஞ்சம் மந்தமாக இருப்பான், கவனம் நிற்காது, ரத்தசோகை இருக்கும். இதற்கெல்லாம் ரசச் செம்பு காரணம் என்று யாருக்கும் தோன்றாது.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வந்தாலும் இதே கவனம் வேண்டும். பாத்திரத்தை நெருப்பில் காய்ச்சி, நவச்சாரம் தூவி, வெள்ளைப் புகை எழும்போது ஈயக் குச்சியைத் தேய்த்துப் பஞ்சால் வழித்துவிடுவார். அந்தக் குச்சியைக் கொஞ்சம் வாங்கித் தாளில் கோடு போட்டுப் பாருங்கள். ஒயர் பற்றவைக்கிற ஈயத்தைக் கொண்டு பூசுகிறவர்களும் உண்டு. அதில் காரீயம் கலந்திருக்கும்.

இண்டாலியம் சட்டியிலும் புளிக்குழம்பு வேண்டாம். அந்த வகைப் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து உணவில் காரீயம் கசிகிறது என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. புளிப்பு எதுவானாலும் எவர்சில்வரிலோ மண்சட்டியிலோ வையுங்கள். மண்சட்டி என்றால் பளபளப்புப் பூச்சு இல்லாதது.

கேள்வி: கடையில் வாங்கும் மஞ்சள் தூளைவிட விரலி மஞ்சள் வாங்கி அரைப்பது பாதுகாப்பானதா? (வாசகர், பவானி)

பெரும்பாலும் ஆமாம். ஆனால் விரலியாக வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது. இதற்குப் பங்களாதேஷில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

1980-களில் அங்கே வெள்ளத்தில் மஞ்சள் நனைந்து, கிழங்கு கறுத்துப் போனது. கறுத்த மஞ்சளை யாரும் வாங்கவில்லை. அதற்கு நிறம் ஏற்ற வியாபாரிகள் லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்கள். பெயின்டுக்குச் சேர்க்கிற பொருள் அது. எடையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு காரீயம்தான். வெள்ளம் வடிந்த பிறகும் பழக்கம் போகவில்லை. கண்ணைப் பறிக்கிற மஞ்சளுக்கு ஜனங்கள் பழகிவிட்டார்கள். பல வருடம் கழித்து, கிராமத்துக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இவ்வளவு காரீயம் எங்கிருந்து வந்தது என்று தேடிய ஆராய்ச்சியாளர்கள், சமையல் மஞ்சளில் போய் நின்றார்கள். 2019-ல் அரசாங்கம் இறங்கியது. டாக்காவின் பெரிய சந்தையில் சோதனை நடந்தது, அபராதம் விழுந்தது, தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள். சந்தை மஞ்சளில் காரீயம் இருந்த மாதிரிகள் 2019-ல் நூற்றுக்கு 47. 2021-ல் ஒன்றுகூட இல்லை.

இரண்டே வருடம்! இதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். கலப்படத்தை ஒழிக்கவே முடியாது என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

ஆக, விரலி வாங்கும்போது பாலிஷ் போட்டு மின்னுவதை எடுக்காதீர்கள். மங்கலாக, தோல் சுருக்கத்தோடு, கொஞ்சம் பழுப்பாக இருப்பதை எடுங்கள். ஒன்றை உடைத்துப் பாருங்கள். நல்ல மஞ்சளில் உள்ளேதான் நிறம் அடர்த்தியாக இருக்கும். உள்ளே இருப்பதைவிட வெளியே மஞ்சள் தூக்கலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு விரலியைத் தண்ணீரில் போட்டவுடனே பளிச்சென்ற மஞ்சள் சாயம் இறங்கினால் அது வேண்டாம். நல்லதாகத் தெரிவதையும் ஒரு தடவை கழுவி, வெயிலில் முறுகக் காயவைத்து, மில்லில் கொடுங்கள். ஈரோட்டைப் பக்கத்தில் வைத்திருக்கிற உங்களுக்கு விளைவிக்கிறவர்களிடமே நேரடியாக வாங்க வழி இருக்கும். அது எல்லாவற்றையும்விட நல்லது.

ஆசிட் ஊற்றி வீட்டிலேயே சோதிக்கச் சொல்லும் காணொளிகளை நம்பி அதைச் செய்யாதீர்கள். அந்தச் சோதனை மெட்டானில் மஞ்சள் என்ற வேறொரு சாயத்துக்கானது. காரீயத்தைக் காட்டாது. கையைத்தான் சுட்டுக்கொள்வீர்கள்.

கேள்வி: பாத்ரூம் கழுவும்போது எங்கள் வீட்டு வேலைக்கார அம்மாவுக்கு மூச்சுத் திணறி மயக்கமே வந்துவிட்டது. ஆசிட்டோடு ப்ளீச்சிங் பவுடரும் போட்டாராம். (வாசகி, சென்னை)

அவர் சுவாசித்தது குளோரின். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்திய வாயு. ப்ளீச்சிங் பவுடரோடு எந்த ஆசிட் சேர்ந்தாலும் அது கிளம்பும். டாய்லெட் கழுவுகிற நீல திரவத்திலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் இருக்கிறது, அதுவும் அப்படியே. குளோரின் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். நின்றுகொண்டு எட்டிப் பார்த்த உங்களுக்குத் தெரியாது. குத்தவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு முகத்துக்கு நேரே வந்திருக்கும்.

அவரை ஒரு டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள், செலவு உங்களுடையது. சிலருக்கு நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்துத் தெரியவரும். இனிமேல் ஒரு நாளைக்கு ஒன்றுதான், ஒன்றைக் கழுவிவிட்ட பிறகுதான் இன்னொன்று. கதவும் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். நீளக் கைப்பிடி பிரஷ் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: ஏழு மாதக் குழந்தைக்குக் கொசு கடிக்கக் கூடாது என்று ராத்திரி முழுக்கச் சுருள் ஏற்றிவைக்கிறோம். இருமல் நிற்கவே இல்லை. (வாசகர், கடலூர்)

இன்றைக்கு ராத்திரியே நிறுத்திவிடுங்கள். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களைச் சோதித்து 2003-ல் ஒரு ஆய்வு வெளியானது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று அதில் கண்டார்கள். கொசு வரும் என்று ஜன்னலையும் சாத்தியிருப்பீர்கள், இல்லையா? அந்தப் புகை முழுக்க அந்த அறையில்தான் சுற்றுகிறது.

கொசுவலை கட்டுங்கள். குழந்தைக்குத் தனியாகக் குடை மாதிரி விரிகிற வலை கிடைக்கிறது. ஜன்னலுக்கு நெட் அடியுங்கள். திரவ மெஷினில் புகை இல்லை, ஆனால் அதிலும் பூச்சிமருந்துதான் காற்றில் கலக்கிறது. குழந்தையைத் தூங்கவைப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் போட்டு, நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, அப்புறம் உள்ளே கொண்டுபோகலாம். கொசுவுக்கென்று ஊதுபத்தி விற்கிறார்களே, அந்த டப்பாவில் மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதில் என்ன மருந்து, எவ்வளவு என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

இன்னொன்று. டெங்கு கொசு கடிப்பது பகலில். ராத்திரிச் சுருள் அதற்குப் பயன்படாது. பிரிட்ஜின் பின்னால் ஒரு தட்டு இருக்கும், அதில் தண்ணீர் நிற்கும். அதையும் பூந்தொட்டித் தட்டுகளையும் வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துவிடுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் வாரக் கணக்கு தவறக் கூடாது.

கேள்வி: காய்கறி கழுவுவதற்கென்றே திரவம் விற்கிறார்களே, வாங்கலாமா? (வாசகி, திருச்சி)

அந்தக் காசுக்கு இன்னும் இரண்டு வகைக் காய் வாங்குங்கள். ஆப்ப சோடா போதும். 2017-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் சோடா, அதாவது இரண்டு டீஸ்பூன். பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் ஊறியதில் தோல் மேலிருந்த ஒரு பூச்சிமருந்தில் 80 சதவீதமும் இன்னொன்றில் 96 சதவீதமும் போய்விட்டன. ஆனால் தோலுக்கு உள்ளே இறங்கிவிட்டதைச் சோடாவால் எடுக்க முடியவில்லை. எந்தத் திரவத்தாலும் முடியாது. ஆப்பிளுக்கும் வெள்ளரிக்கும் தோல் சீவிவிடலாம். கறிவேப்பிலையையும் கொத்தமல்லியையும் என்ன செய்வது? அவற்றைக் குழாயில் காட்டி எடுக்காமல் சோடாத் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு தண்ணீரில் அலசுங்கள். கறிவேப்பிலைக் கன்று ஒன்றைத் தொட்டியில் நட்டுவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

மருந்துக்குப் பயந்து காய்கறியைக் குறைத்துவிடாதீர்கள். கீரையும் ராகியும் முருங்கையும் சாப்பிடுகிற பிள்ளைக்கு இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் சேர்வதால், முதல் கேள்வியில் சொன்ன காரீயம்கூட உடம்பில் குறைவாகவே ஏறும்.

கேள்வி: என் பெண்ணுக்குப் பிரசவம் நெருங்குகிறது. அக்கா குழந்தை போட்ட சட்டையையே முதலில் போட வேண்டும் என்று பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்துருண்டை போட்டுத்தான் வைத்திருக்கிறேன். பரவாயில்லையா? (வாசகி, காரைக்குடி)

நல்ல வேளை, முன்னாலேயே கேட்டீர்கள். அந்துருண்டையில் இருப்பது நாஃப்தலின். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கடுமையான மஞ்சள் காமாலை வரும். உருண்டை போட்டு வைத்த துணியை உடுத்தியதாலேயே இப்படி ஆன பச்சைக் குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் பேரக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்குமா என்பது பிறக்கும் முன்னால் யாருக்கும் தெரியாது. நம் வீடுகளில் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்போம். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் நாஃப்தலின் இன்னும் சுலபமாக இறங்கும்.

பிரசவத்துக்கு எவ்வளவு நாள் இருக்கிறதோ அவ்வளவு நாளும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். உருண்டைகளை எடுத்துத் தாளில் பொதிந்து குப்பையில் போடுங்கள். சின்னப் பிள்ளைகள் பெப்பர்மின்ட் என்று வாயில் போட்டுக்கொள்ளும், வெளியே கிடக்கக் கூடாது. சட்டைகளை இரண்டு மூன்று தடவை துவைத்து, ஒவ்வொரு தடவையும் மொட்டை மாடியில் நாள் முழுக்கக் காயப்போடுங்கள். பிறகு முகர்ந்து பாருங்கள். வாசனை இருந்தால் மறுபடியும் துவைக்க வேண்டும். பெட்டியையும் வெயிலில் திறந்து வையுங்கள், மரம் அந்த வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபடி அடுக்கும்போது காய்ந்த வேப்பிலையை மெல்லிய துணியில் முடிந்து போடுங்கள். பேரனோ பேத்தியோ பிறந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.