பேச்சு, பட்டன், வெளிநடப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் தேனி மாவட்டத்துக்காரன், கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நியூஜெர்சியில் இருக்கும் என் மகள், அவளுடைய தொகுதிப் பிரதிநிதி எந்தச் சட்டத்தை ஆதரித்தார், எதை எதிர்த்தார் என்று ஒரு நிமிடத்தில் போனில் எடுத்துக் காட்டுகிறாள். நம் எம்.பி.க்களைப் பற்றி எனக்குக் கிடைப்பது வாட்ஸப்பில் சுற்றும் வருகை சதவிகிதமும் கேள்வி எண்ணிக்கையும்தான். டிவி விவாதத்தில் மேசையைத் தட்டுகிறவர்கள் அவைக்குள் என்ன செய்தார்கள் என்று எங்கே பார்ப்பது? பார்த்தாலும் அதை வைத்து ஆளை எடைபோட முடியுமா?

ர.

அன்புள்ள ர.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தனி ஆளை எடைபோட அது அநேகமாக உதவாது. கட்சியை எடைபோட உதவும், அதுவும் கூட்டல் கழித்தல் கொஞ்சம் போட்டுப் பார்த்தால்.

உங்கள் மகள் இருக்கும் நாட்டில் 2001 செப்டம்பர் 14 அன்று, இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து மூன்றே நாளில், ராணுவத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. ஆதரவு 420, எதிர்ப்பு 1. அந்த ஒருவர் கலிபோர்னியாவின் பார்பரா லீ. கொலை மிரட்டல் வந்தது, போலீஸ் காவல் போட்டார்கள், ஆனால் அந்த ஓட்டுக்காக அவருடைய பதவியை யாரும் பறிக்க முடியவில்லை. அடுத்த வருடம் தொகுதி மக்கள் திரும்பவும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். இங்கே ஒருவர் கொறடா உத்தரவை, அதாவது எப்படி ஓட்டுப் போடவேண்டும் என்று கட்சி இடும் கட்டளையை, மீறி அப்படி ஒரு பட்டனை அமுக்கினால், கட்சி 15 நாளுக்குள் மன்னித்து விடாத பட்சத்தில், பதவியே போய்விடும். 1985-இல் அரசியலமைப்பின் 52-வது திருத்தம் கொண்டுவந்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், அப்படித்தான் சொல்கிறது. மாற்றி ஓட்டுப் போடுவது மட்டும் இல்லை, ஓட்டுப் போடாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் குற்றம்தான். காசு வாங்கிக்கொண்டு ஆட்சியைக் கவிழ்ப்பதைத் தடுக்க வந்த சட்டம், சாதாரண மசோதாவுக்கும் சேர்த்து உறுப்பினரின் கையைக் கட்டிவிட்டது. 1992-இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று சொன்னபோதே, கொறடா உத்தரவை நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் கட்சியின் முக்கியக் கொள்கை விஷயங்களுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி ஆலோசனையும் சொன்னது. எந்தக் கட்சி கேட்டது?

அதனால் இங்கே ஒரு எம்.பி.யின் வாக்குப் பதிவு என்பது பெரும்பாலும் அவர் கட்சி அலுவலகத்திலிருந்து வந்த உத்தரவின் நகல்.

அந்த நகலாவது கிடைக்கிறதா என்றால், அதுவும் எப்போதாவதுதான். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போய்விடுகின்றன. ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்று கத்துவார்கள், எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்பார்கள், தலைமை நாற்காலியில் இருப்பவர் 'ஆம்' பக்கம் ஜெயித்தது என்று அறிவித்து அடுத்த வேலைக்குப் போய்விடுவார். யார் கத்தினார், யார் வாயே திறக்கவில்லை என்பதற்குப் பதிவு கிடையாது. யாராவது எழுந்து டிவிஷன், அதாவது யார் எந்தப் பக்கம் என்று எண்ணிப் பதியும் ஓட்டெடுப்பு, கேட்டால்தான் மணி அடிக்கும், வளாகத்தில் இருக்கிறவர்கள் ஓடி வருவார்கள், கதவைச் சாத்துவார்கள், ஆளுக்கொரு பட்டன். அப்போதுதான் பெயர்ப் பட்டியல் உருவாகும்.

சரி, நீங்கள் தேனிக்காரர் என்பதால் உங்கள் தொகுதியையே எடுத்துக்கொள்கிறேன். 2019-இல் தமிழ்நாட்டில் அதிமுக ஜெயித்த ஒரே மக்களவைத் தொகுதி தேனி, உறுப்பினர் ஓ.ப. ரவீந்திரநாத். ஒரே ஆள் உள்ள கட்சி என்பதால் அவர் பேசினால் மக்களவையில் அதிமுகவே பேசிய மாதிரி. அந்த வருடம் ஜூலை 25 அன்று, மூன்று முறை தலாக் சொல்லி மனைவியை விலக்குவதைக் குற்றமாக்கும் முத்தலாக் மசோதா வந்தபோது வரவேற்றுப் பேசினார். மசோதா 303க்கு 82 என்று நிறைவேறியது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஏழு மாதம் முன்பு, 2018 டிசம்பர் 27 அன்று, இதே விஷயம் இதே அவைக்கு வந்தபோது அதிமுகவுக்கு அங்கே 37 பேர் இருந்தார்கள். ராமநாதபுரம் எம்.பி. அன்வர் ராஜா கடுமையாக எதிர்த்துப் பேசினார், அதன் பிறகு கட்சி வெளிநடப்பு செய்தது. ஆக 2018-இல் எதிர்ப்பு, 2019 ஜூலை 25-இல் ஆதரவு. அங்கேயும் நிற்கவில்லை. ஐந்தே நாளில், ஜூலை 30 அன்று மசோதா மாநிலங்களவைக்குப் போனபோது அதிமுகவின் நவநீதகிருஷ்ணன் எழுந்து எதிர்த்தார்! ஐந்து நாளில் கொள்கை எப்படித் திரும்பியது என்று எனக்குள் ஆயிரம் ஊகம் ஓடுகிறது, ஆனால் ஒரு தேதியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஆகஸ்ட் 5 அன்று வேலூரில் தேர்தல். பணம் பிடிபட்டு ஏப்ரலில் நிறுத்தி வைக்கப்பட்ட தேர்தல் அது, முஸ்லிம் வாக்குகள் கணிசமாக உள்ள தொகுதி. இரட்டை இலையில் நின்ற ஏ.சி. சண்முகம் சுமார் எட்டாயிரம் ஓட்டில் தோற்றார்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். மாநிலங்களவையில் அன்று அதிமுகவுக்கு 11 பேர். எதிர்த்துப் பேசிவிட்டு வெளியே போய்விட்டார்கள். நிதிஷ்குமாரின் ஐக்கிய ஜனதா தளத்துக்கு 6 பேர், அவர்களும் அப்படியே. மசோதா 99க்கு 84 என்று ஜெயித்தது. வெளியே போன 17 பேரும் உள்ளே இருந்து, தாங்கள் பேசியபடியே எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தால் எதிர்ப்பு 101. மசோதா அன்றைக்குத் தோற்றிருக்கும். அந்த மசோதா நல்லதா கெட்டதா என்பது இங்கே என் விஷயம் இல்லை, அதைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு கருத்து இருக்கலாம். எதிர்க்கிறேன் என்று மைக்கில் சொன்னவர்கள், தாங்கள் எழுந்து போனால் அது நிறைவேறும் என்று தெரிந்தே எழுந்து போனார்கள், அவ்வளவுதான். மறுநாள் பேப்பரில் 'அதிமுக எதிர்ப்பு, வெளிநடப்பு' என்று வந்தது. அதை ஊரில் காட்டிக்கொள்ளலாம். டெல்லியில் காட்ட 99 என்ற எண் இருக்கிறது.

வெளிநடப்பு என்றால் கோபத்தின் உச்சம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நெருக்கமான ஓட்டெடுப்பில் அது ஆளும் தரப்புக்குப் பாதி ஓட்டுப் போட்ட மாதிரி. 'வந்திருந்து வாக்களிப்போரில் பெரும்பான்மை' என்பதுதான் விதி என்பதால் ஒருவர் வெளியே போகப் போக ஜெயிக்கத் தேவையான எண் இறங்கிக்கொண்டே வரும்.

அதே 2019 டிசம்பர் 11, அதே மாநிலங்களவை, குடியுரிமைத் திருத்த மசோதா. இந்தத் தடவை வெளிநடப்பெல்லாம் இல்லை, நேராகவே ஆதரவு. 125க்கு 105. அதிமுகவின் 11, பாமகவின் அன்புமணி ஒருவர், இந்தப் பன்னிரண்டையும் இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து அந்தப் பக்கம் வைத்துப் பாருங்கள், 113க்கு 117. அடுத்த தேர்தல் மேடைகளில் இந்தக் கணக்கை திமுக சலிக்காமல் சொன்னது, நியாயமான கணக்குதான். 2021 மார்ச்சில் வந்த அதிமுக தேர்தல் அறிக்கையில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைத் திரும்பப் பெற மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று இருந்தது. தாங்களே கை கொடுத்து ஏற்றிவிட்ட சட்டத்தை இறக்கச் சொல்லி இன்னொருவரிடம் மனு!

திமுக அனுதாபிகள் இதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தால், 2012-க்கும் போய்வரலாம். சில்லறை வணிகத்தில் அன்னிய நேரடி முதலீட்டை கருணாநிதி எதிர்த்தார், செப்டம்பரில் நடந்த பாரத் பந்த்தை ஆதரித்தார், வணிகர்கள் கைதட்டினார்கள். டிசம்பர் 5 அன்று மக்களவையில் சுஷ்மா சுவராஜ் கொண்டுவந்த எதிர்ப்புத் தீர்மானத்தின் மீது ஓட்டெடுப்பு நடந்தபோது திமுக, மத்திய அரசின் பக்கம் நின்றது. அன்னிய முதலீட்டை எதிர்க்கிறோம், ஆனால் பாஜகவுக்கு வழிவிட மாட்டோம் என்று விளக்கம். அதே அவையில் முலாயம் சிங்கின் சமாஜ்வாதியும் மாயாவதியின் பகுஜன் சமாஜும் அன்னிய முதலீட்டை எதிர்த்துப் பேசிவிட்டு வெளியே போயின, 22 பேரும் 21 பேரும். அரசு ஜெயித்தது 253க்கு 218. அந்த 43-ஐ 218-உடன் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். ஆனாலும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லவேண்டும். திமுக தான் என்ன செய்யப்போகிறது, ஏன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தது. காரணம் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு, வாதாட ஒரு காரணமாவது கையில் இருக்கிறது. வெளிநடப்பில் அது இருப்பதில்லை.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் எண் இருந்தது. எண்ணே இல்லாமல் போன கதை வேளாண் மசோதாக்கள். 2020 செப்டம்பரில் மக்களவையில் ரவீந்திரநாத் ஆதரித்தார். 20-ஆம் தேதி மாநிலங்களவையில் அதிமுகவின் எஸ்.ஆர். பாலசுப்ரமணியன் எழுந்து அந்த மசோதாக்களை விமர்சித்துப் பேசினார். முதலமைச்சராக இருந்த பழனிசாமி ஆதரிக்கிறார், அவருடைய கட்சியின் மூத்த எம்.பி. டெல்லியில் குறை சொல்கிறார். தமிழ்நாட்டு அதிமுக எம்.பி. ஒருவர் அப்படித் தனித்துப் பேசியது அபூர்வம், எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. அவர் எந்தப் பட்டனை அமுக்கியிருப்பார் என்று பார்க்க ஆசையாகவும் இருந்தது. பார்க்க முடியவில்லை. எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன, அவையை நடத்திய துணைத் தலைவர் ஹரிவன்ஷ் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்துவிட்டார். அவரவர் இடத்தில் இருந்து கேட்கவில்லை என்பது அரசுத் தரப்பு. திமுகவின் திருச்சி சிவா தம் இடத்தில் இருந்தே கேட்டது ராஜ்யசபா டிவி காட்சியில் தெரிகிறது என்று பின்னால் பத்திரிகைச் செய்தி வந்தது. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். ஒரு வருடத்துக்கு மேல் விவசாயிகளை டெல்லி எல்லையில் உட்கார வைத்த சட்டங்கள், மாநிலங்களவையில் அவற்றுக்கு யார் யார் ஆதரவு என்பதற்குப் பெயர்ப் பட்டியலே இல்லை. 2021 நவம்பர் 29 அன்று அவற்றைத் திரும்பப் பெற்றதும் விவாதமே இல்லாமல், அதே குரல் வாக்கெடுப்பில்.

அதனால்தான் ஒரு உறுப்பினர் டிவிஷன் கேட்டாரா என்பதை நான் அவருடைய மதிப்பெண்ணில் மேலே வைப்பேன். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் கேட்பது வீண் வேலை மாதிரித் தோன்றும். பெயர்களைப் பதிவில் ஏற்ற அதைவிட்டால் வேறு வழி இல்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. நாடாளுமன்றத்தின் சன்சாத் இணையதளத்தில் இரண்டு அவைகளின் நடவடிக்கைக் குறிப்புகளும் தேதிவாரியாகக் கிடைக்கின்றன. மசோதா நிறைவேறிய தேதி தெரிந்தால் அந்த நாளின் விவாதத்தைத் திறந்து கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். டிவிஷன் நடந்திருந்தால் ஆம், இல்லை என்று இரண்டு பெயர்ப் பட்டியல் இருக்கும். இயந்திரம் வேலை செய்யாமல் துண்டுச் சீட்டில் ஓட்டுப் போட்டவர்கள் பெயருக்குத் தனிக் குறிப்பு இருக்கும், அதையும் சேர்த்து எண்ணுங்கள், டிவியில் முதலில் காட்டும் எண்ணும் கடைசி எண்ணும் மாறுவது அதனால்தான். உங்கள் ஆள் இரண்டு பட்டியலிலும் இல்லை என்றால் கொஞ்சம் மேலே போய் அவர் பேசினாரா, கட்சி வெளிநடப்பு செய்ததா என்று பாருங்கள். அப்புறம் விடுபட்டவர்களை அவர்கள் பேசிய பக்கத்தில் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். வங்கியில் இருந்தவர், உங்களுக்கு இது ஒரு வேலையே இல்லை.

வாட்ஸப்பில் வரும் வருகை சதவிகிதத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வருகையைப் பதிந்துவிட்டு கேன்டீனுக்குப் போனாலும் அது வருகைதான். அமைச்சர்கள் தங்கள் வருகையைப் பதிவதே இல்லை, அதனால் யாராவது ஒரு அமைச்சரின் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டு உங்களுக்கு அனுப்பினால் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.